இரண்டில் ஒன்று

கதவில் இன்னும் எண் இருக்கிறது.
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்,
ஏற்றக்கூடிய எடை இத்தனை கிலோ.
இரண்டு முறை பெயின்ட் அடித்தும்
வெயில் சாய்ந்தால் அடியிலிருந்து எழுந்து வருகிறது.
எத்தனை துறைமுகம் பார்த்த பெட்டியோ,
இப்போது உத்துவாடோ மலைச்சரிவில்
எட்டு சிமென்ட் கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது
என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு.

போன புயலில் நாற்பத்தொரு நாள் கரண்ட் இல்லை.
இன்சுலினைப் பாட்டிலில் அடைத்து
ஓடைத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டேன்.
நாற்பத்திரண்டாம் நாள் பல்பு எரிந்தபோது
சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதனால் இந்த ஆண்டு முன்கூட்டியே
சமையல் மேடையில் நோட்டை விரித்தேன்:
யார் யார் பிழைக்க வேண்டும்?
சின்ன ஃப்ரிட்ஜ், சரி.
தண்ணீர் மோட்டார், காலையில் பத்து நிமிடம்.
இரண்டு விளக்கு. போன்.
ஃபேன் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.
இரும்புப் பெட்டிக்குள் ஆகஸ்டில் படுத்தவர்களுக்கு
ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.
தலைமுடி உலர்த்தும் மெஷின் ஒன்றே
மற்ற எல்லோருடைய சாப்பாட்டையும் தின்றுவிடும்.
ஈரத்தலையோடு இருக்கப் பழகு, சொராய்தா.

மிக்தாலியா வந்தாள், இடுப்பில் ஸ்க்ரூடிரைவர்கள் கலகலக்க.
சுவரைத் தட்டிப் பார்த்தாள்.
"மர வீட்டில் ஒயர் மட்டும்தான் ஒயர்.
உன் வீட்டில் சுவரும் ஒயர், கூரையும் ஒயர்,
கதவுப்பிடியும் ஒயர்.
முதலில் இதை மண்ணோடு கட்டிப்போடு."
எட்டடிச் செம்புக் கம்பி. மூன்றாவது அடியில் பாறை.
இடம் மாற்றினோம். பாறை.
வாழைக்குப் பக்கத்தில், குளியல் தண்ணீர் கசியும் இடத்தில்
சேற்றில் கால்போல இறங்கியது.

ஜெனரேட்டர் இருபதடி தள்ளி, ஜன்னல் இல்லாத பக்கம்.
மழை வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளலாமா என்றேன்.
பதில் சொல்லாமல் பள்ளத்தாக்கில்
பூட்டிய ஒரு வீட்டைக் காட்டினாள்.
அங்கே மூன்று பேர் தூங்கத்தான் போனார்கள்.

கடைசியில் விலைச்சீட்டு.
மாற்றுச் சுவிட்ச், முந்நூற்று எண்பது டாலர்.
"இது இல்லாமல் முடியாதா?"
"முடியும். இருபக்கமும் முள் வைத்த ஒயர் ஒன்று போதும்.
உன் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே நடந்து
டிரான்ஸ்பார்மரில் ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி,
செத்த கம்பி என்று நம்பித் தொடுகிறவனிடம் போகும்."

தொடுகிறவன்.
இந்த மலைப்பக்கத்துக் கம்பிகளைத் தொடுகிறவன் எலியேசர்.
பதினோரு வருடம் என் கணவன்.
வீட்டை விற்றுப் பங்கு பிரித்ததில்
என் பாதிதான் இந்தப் பெட்டி.
அவனைக் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்,
சாட்சிகள் உண்டு.
முந்நூற்று எண்பதை எண்ணி வைத்தேன்.

சாம்பல் நிற மூடி, சிவப்புக் கைப்பிடி.
மேலே தள்ளினால் ஊர். கீழே இழுத்தால் நான்.
இரண்டையும் ஒரே நேரம் தொட முடியாதபடி
உள்ளே ஓர் இரும்புத் துண்டு குறுக்கே நிற்கிறது.
எங்கள் இருவர் நடுவே அன்றைக்கு அப்படி ஒன்று
இருந்திருந்தால் என்று யோசித்தேன்,
பிறகு ஸ்க்ரூவை முறுக்கினேன்.

செப்டம்பர். புயலுக்குப் பெயர் வைக்குமுன்பே கரண்ட் போனது.
கைப்பிடியை இழுத்தேன். டக்.
மூன்றாவது இழுப்பில் ஜெனரேட்டர் இருமியது.
ஃப்ரிட்ஜ் முனகியது.
சுவரைப் புறங்கையால் தொட்டேன். சும்மா இருந்தது.

மூன்றாம் நாள், மழை விட்ட அந்தியில்
வளைவில் மஞ்சள் லாரி. கூடை மேலே போனது.
போன் அடித்தது, இரண்டு வருடமாக அடிக்காத எண்.
"மலையில் உன் விளக்கு மட்டும் எரியுது."
"ஆமா."
"கைப்பிடி எந்தப் பக்கம்?"
"கீழே."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
என் ஜெனரேட்டர் சத்தம் போனுக்குள்ளும் கேட்டது,
அவன் பக்கமிருந்து ஒரு கணம் பிந்தி.
"இன்னொரு தடவை போய்ப் பார்."
போய்ப் பார்த்தேன். கீழேதான். சொன்னேன்.

இருந்தும் அவன் டெஸ்டர் கம்பை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான்
கையுறையைக் கம்பியில் வைத்தான்.
ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோபம் வரவில்லை.
நானாக இருந்தாலும்
அப்படித்தான் செய்திருப்பேன்.